பேஸ் கிட்டார்: வலது கைக்கு அப்படி என்ன வேலை?

2023 ஜூன் 11

கொடைக்கானல் பக்கம் பெருமாள்மலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பேஸ் வாங்கி ஏழு வாரம் ஆகிறது. சுரம் பிடிப்பது எல்லாம் இடது கைதான். வலது கை சும்மா கம்பியைத் தட்டினால் போதும் என்று நினைக்கிறேன். ஆனால் மாஸ்டர் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லி உயிரை எடுக்கிறார். ஒரே விரலால் வாசித்தால் என்ன தப்பு? நடு விரல் என் பேச்சைக் கேட்கவே மாட்டேன் என்கிறது. விரல் நுனியில் கொப்புளம் வேறு."

தம்பி, கொப்புளத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் "சும்மா தட்டினால் போதும்" என்பதைப் பேசிவிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பிலேயே எனக்கு ஒன்றரை வருடம் போனது.

நான் பேஸைத் தொட்டது 33 வயதில். கோத்தகிரி பக்கம் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் வாசித்தவர் திருப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். கிட்டார் மட்டும் அலமாரியில் கிடந்தது. எனக்குத் தேயிலை ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. பகலில் நேரம் இருக்குமே என்று என்னிடம் கொடுத்தார்கள். நாலு மாதத்தில் எந்தப் பாட்டுக்கும் ரூட் நோட்டு, அதாவது கார்டின் ஆதார சுரம், போடத் தெரிந்துவிட்டது. இடது கை சரியான ஃபிரெட்டில் (கழுத்தில் சுரங்களைப் பிரிக்கும் உலோகக் கட்டம்) சரியான நேரத்துக்குப் போய் உட்காரும். எனக்குத் திருப்தி.

அப்புறம் ஒரு ஈஸ்டர் ஆராதனையை யாரோ பதிவு செய்து கொடுத்தார்கள். வீட்டில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். ஒரு சுரம்கூடத் தப்பில்லை. ஆனால் பாட்டு முழுக்க அடியில் ஒரு உறுமல், வாசலில் லாரி ஆஃப் பண்ணாமல் நிற்கிற மாதிரி. நான் தொடாத கம்பிகள் தாமாக அதிர்ந்துகொண்டிருந்தன. தொட்ட கம்பிகளின் சுரங்களும் எங்கே முடிகின்றன என்று தெரியாமல் ஒன்றின்மேல் ஒன்று வழிந்தன. அன்று இரவு ஷிஃப்டில் அந்த உறுமல்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

எந்தச் சுரம் என்பதை இடது கை சொல்கிறது. அது எந்த நொடியில் பிறக்கிறது, எவ்வளவு சத்தம், வட்டமான ஒலியா கூரான ஒலியா என்பதெல்லாம் வலது கையில் இருக்கிறது. எப்போது ஓய்கிறது என்பதிலும் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பேஸில் கம்பி நாலு: தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி. எந்த நேரமும் வாசிக்கிற கம்பி ஒன்று, வாசிக்காத கம்பி மூன்று. அந்த மூன்றையும் சத்தம் போடாமல் வைத்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் இடது கையை மறந்துவிடுங்கள். திறந்த கம்பிகள் மட்டும். கட்டை விரலைப் பிக்கப்பின் (கம்பிகளுக்கு அடியில் அதிர்வை வாங்கும் பெட்டி) விளிம்பில் வையுங்கள். ஏ கம்பியை ஆள்காட்டி விரல் நுனியின் சதையால் தள்ளுங்கள். விரல் கம்பியைத் தாண்டிப் போய் அடுத்த தடித்த கம்பியான ஈ-யில் சாய்ந்து நிற்க வேண்டும். காற்றில் மேலே கொக்கி போட்டு இழுக்கக் கூடாது. அப்படிச் சாய்ந்து நின்றாலே ஈ கம்பி அடங்கிவிடும், பார்த்தீர்களா? ஒரே அசைவில் ஒரு கம்பி பேசுகிறது, பக்கத்துக் கம்பி வாயை மூடுகிறது. ஈ கம்பிக்கு மேலே வேறு கம்பி இல்லை. அதை வாசிக்கும்போது விரல் கட்டை விரலின் பக்கவாட்டில் வந்து நிற்கும். அடுத்தது நடு விரல். திரும்ப ஆள்காட்டி. மெட்ரோனோம் என்கிற தாளக் கருவியை நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். ஒரு தட்டுக்கு ஒரு சுரம். அவ்வளவுதான்.

2023 ஜூன் 12

கொப்புளத்தை விட்டுவிட்டேன். உடைக்காதீர்கள். தானாக வற்றட்டும். அது வரைக்கும் வாசிப்பை நிறுத்துங்கள், அல்லது ஐந்து நிமிடத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். சில வாரத்தில் அந்த இடம் காய்த்துவிடும். ஆனால் ஏழாவது வாரத்திலும் கொப்புளம் வருகிறது என்றால் எனக்கு வேறு சந்தேகம். நீங்கள் மிகவும் பலமாக அடிக்கிறீர்கள். ஆம்ப் (ஒலிபெருக்கி) சத்தத்தை எவ்வளவில் வைத்து வாசிக்கிறீர்கள்?

2023 ஜூன் 18

நினைத்தது சரி. "வீட்டில் பாட்டி தூங்குவார்கள், அதனால் ஆம்ப் சத்தம் குறைவாகத்தான் வைப்பேன்" என்கிறார்.

ஆம்ப் முணுமுணுத்தால் விரல் கத்த ஆரம்பிக்கும். காதுக்குப் போதவில்லை என்று மனசு நினைக்கும், கை தானாக ஓங்கி அடிக்கும். இது யாரும் தெரிந்து செய்வதில்லை. ஹெட்போன் வாங்குங்கள். சத்தத்தைத் தாராளமாக வைத்து, கம்பியைத் தொட்டும் தொடாமலும் வாசியுங்கள். மெதுவாக வாசித்தாலும் காதில் நிறைவாக விழும் என்று கை புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆகும். பலமாக அடித்தால் கம்பி ஃபிரெட்டில் மோதிச் சலசலக்கும். மென்மையாக வாசித்துப் பழகினால், பாட்டின் உச்சத்தில் கொஞ்சம் கூட்டுவதற்குக் கையில் இருப்பு இருக்கும். எப்போதும் உச்சத்திலேயே அடிப்பவருக்கு அதற்கு மேல் போக இடமில்லை.

பயிற்சியைப் போன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவுக்கு வராதீர்கள். திறந்த ஈ கம்பி நொடிக்கு 41 முறை சொச்சம் அதிர்கிறது, ஏ 55 முறை. போன் ஸ்பீக்கருக்கு அந்த ஆழம் எட்டாது. மேலே உள்ள இணை ஒலிகளை வைத்துக் காது ஊகித்துக்கொள்கிறது. உறுமல் இருந்தாலும் தெரியாது.

இந்த மென்மை எனக்கு என் அம்மாவைப் பார்த்துத்தான் விளங்கியது. முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். இரண்டு இலை ஒரு மொட்டு. நகம் போட்டுக் கிள்ளக் கூடாது, இழுக்கவும் கூடாது, விரலை வைத்து ஒடிக்க வேண்டும் என்பார். இழுத்தால் முற்றிய தண்டும் சேர்ந்து வரும், செடிக்கும் நோவு. ஒரு நாள் நான் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "எதுக்குடா அதோட சண்டை போடுற? நாள் முழுக்கப் பறிக்கணும்னா கை இப்படி இறுக்கமா இருக்கக் கூடாது" என்றார். எட்டு மணி நேரம் கை ஓடியவர் சொல்கிறார். அன்றைக்குத்தான் என் தோள் காது வரைக்கும் ஏறியிருப்பதைக் கவனித்தேன்.

2023 ஜூன் 25

நடு விரல் பற்றி. அது சோம்பேறி இல்லை. ஆள்காட்டியைவிட நீளம், அதனால் வேறு கோணத்தில் கம்பியைத் தொடுகிறது. கையைக் கொஞ்சம் திருப்பி, இரண்டு நுனியும் கம்பிக்கு ஒரே தூரத்தில் வரும்படி வையுங்கள். நடு விரலைச் சற்றுக் கூடுதலாக மடித்தால் போதும். எனக்கு இந்த ஒரு திருத்தத்தில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு ஒரு பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு எட்டுச் சுரம் வாசித்துப் பதிவு செய்யுங்கள். கேட்கும்போது எது ஆள்காட்டி, எது நடு விரல் என்று சொல்ல முடிகிறதா? சொல்ல முடியாத நாள் வரும்.

மாற்றி மாற்றிப் போடுவது ஏன் என்பதற்கு எங்கள் நீலகிரி மலை ரயிலைச் சொல்வேன். கல்லாறு முதல் குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவே பற்பட்டை இருக்கிறது. ஒன்று இல்லை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்கு இடைவெளி. எஞ்சினின் பற்சக்கரம் ஒன்றை விடும் நேரத்தில் இன்னொன்றைப் பிடித்திருக்கும். பிடி விடுபடும் நொடியே கிடையாது. அதனால்தான் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற ஏற்றத்திலும் வண்டி வழுக்காமல் போகிறது. ஏ.பி.டி. முறை என்பார்கள், ஆல்டர்னேட் பைட்டிங். இரண்டு விரலும் அப்படித்தான். ஒன்று தள்ளி முடிக்கும்போது மற்றது கம்பிக்கு மேல் தயாராக இருக்க வேண்டும்.

2023 ஜூன் 27

குன்னூரிலிருந்து ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு ஐயா திருத்தியிருக்கிறார். ஏ.பி.டி. என்பது சுருக்கெழுத்தே இல்லையாம். ஆப்ட் என்று ஒரு சுவிஸ் பொறியாளர், ரோமன் ஆப்ட், அவர் கண்டுபிடித்த முறை. "ஆல்டர்னேட் பைட்டிங்" என்பது பிற்பாடு ஊரில் கட்டிய விளக்கம். சின்ன வயதிலிருந்து அதைத்தான் கேட்டு வளர்ந்தேன். நன்றி ஐயா. பற்கள் மாறி மாறி இருப்பது உண்மைதான் என்று அவரும் சொல்கிறார், ஆகவே உவமையை நான் விடவில்லை. மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் வந்துசேர்ந்த பாதை அது. மலையேறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள் தம்பி. வந்தால் காட்டுகிறேன்.

2023 ஜூலை 9

ஒரு வாசகர் நல்ல கேள்வி போட்டிருக்கிறார்: "ஒரே விரலால் வாசித்து உலகப் புகழ் பெற்றவர் இருக்கிறாரே?"

இருக்கிறார். ஜேம்ஸ் ஜேமர்சன். அமெரிக்காவில் டெட்ராய்ட்டில் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டூடியோவில் அறுபதுகளில் எண்ணற்ற பாட்டுகளுக்கு வாசித்தவர். 1936-இல் பிறந்து 1983-இல் மறைந்தார். வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான். அதற்கு "கொக்கி" என்றே பெயர் வைத்திருந்தார்கள். மழமழப்பான ஃபிளாட்வவுண்டு கம்பி, கம்பிகள் கிட்டார் உடம்பில் போய் முடியும் பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சு. அவர் நிமிர்த்தி வைத்து வாசிக்கும் பெரிய டபுள் பேஸிலிருந்து வந்தவர், அந்த வலு விரலில் இருந்தது.

ஆகவே தம்பி, முதல் நாள் நான் உங்கள் மாஸ்டர் பக்கம் நின்று எழுதியதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ஒரு விரலால் வாசிப்பது தப்பு இல்லை. ஆனால் ஜேமர்சனின் பேஸில் உறுமல் கேட்காது. ஒவ்வொரு சுரமும் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிற்கும். ஒரு விரலால் வாசித்துவிட்டு அந்தச் சுத்தம் கிடைக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். நான் முயன்று பார்த்தேன். வேகம் கூடியதும் என் ஆள்காட்டி விரல் களைத்துப் போனது, களைத்ததும் சுரம் மழுங்கியது. எனக்கு இரண்டு விரல் வேண்டும்.

இன்னொரு தளர்வும் உண்டு. ஜி கம்பியிலிருந்து டி, ஏ என்று தடித்த கம்பிகளுக்கு இறங்கும்போது விரலை மாற்ற வேண்டியதில்லை. தள்ளிய விரல் அடுத்த கம்பியில்தானே சாய்ந்து நிற்கிறது? அங்கிருந்தே அதே விரலால் மறுபடி தள்ளலாம். நான் ஒரு வருடம் பிடிவாதமாக அங்கேயும் மாற்றிக்கொண்டிருந்தேன். விதியைக் காப்பாற்றினேன், தாளம் தடுமாறியது. மெல்லிய கம்பிக்கு ஏறும்போது மாற்றுங்கள், இறங்கும்போது சறுக்கவிடுங்கள்.

2023 ஜூலை 23

நான் சொன்ன ஒன்றால் ஒருவருக்குத் தொந்தரவு ஆகியிருக்கிறது. கூடலூரிலிருந்து ஒரு தங்கை. கொழுந்து பறிக்கிற உவமையைப் படித்துவிட்டு, கட்டை விரலையும் ஆள்காட்டியையும் சேர்த்துக் கம்பியை வெளியே தூக்கி ஒடிக்கிற மாதிரி வாசித்திருக்கிறார். கம்பி ஃபிரெட்டில் போய்ச் சுளீரென்று அடிக்கிறது என்கிறார். அப்படித்தான் அடிக்கும்.

தப்பு என்னுடையது. கொழுந்தில் இரண்டு விரல் ஒன்றை ஒன்று சந்திக்கின்றன. பேஸில் கட்டை விரல் அந்த வேலையில் சேராது. விரல் கம்பியைக் கிட்டாரின் உடம்பை ஒட்டி, கம்பிகள் பரவியிருக்கிற அதே தளத்தில், அடுத்த தடித்த கம்பியின் பக்கமாகத் தள்ளுகிறது. அம்மாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தளர்வை மட்டும்தான்: தோள் கீழே, முழங்கை தளர்ந்து, தேவையான அளவு பலம், அதற்கு மேல் ஒரு பிடிகூட இல்லை. அந்த உவமையை இத்தோடு அந்த அளவிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "இப்ப எல்லாம் கத்திரி போட்டுத்தானே வெட்டுறாங்க, கையால பறிக்கிறது உங்க பாட்டுக்காரங்களுக்காவது ஞாபகம் இருக்கட்டும்" என்றார்.

2023 ஆகஸ்ட் 15

விடுமுறை. மழை விட்டபாடில்லை. முதல் நாளே எழுதியிருக்க வேண்டியதை இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்: கட்டை விரல்.

பிக்கப்பில் வையுங்கள் என்று சொன்னேன். அது தொடக்கத்துக்கு மட்டும். டி கம்பிக்கோ ஜி-க்கோ போகும்போதும் கட்டை விரல் பிக்கப்பிலேயே இருந்தால், மேலே ஈ கம்பி அனாதையாக அதிர்ந்துகொண்டிருக்கும். ஈஸ்டர் பதிவில் நான் கேட்ட உறுமல் அதுதான். அதைக் கண்டுபிடித்த விதத்தைச் சொல்கிறேன். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு துண்டுத் துணியைச் சுற்றி, ஒன்றொன்றாக எடுத்துக்கொண்டே அதே பாட்டை வாசித்தேன். ஈ கம்பியின் துணியை எடுத்ததும் உறுமல் வந்துவிட்டது. ஏ-யில் சுரம் விழும்போதெல்லாம் ஈ-யும் சேர்ந்து நடுங்கியது.

இப்போது நான் செய்வது இது. ஈ கம்பி வாசிக்கும்போது கட்டை விரல் பிக்கப்பில். ஏ-க்குப் போனால் கட்டை விரல் ஈ கம்பியில் வந்து உட்காரும். டி-க்குப் போனால் கட்டை விரல் ஈ-யிலேயே இருக்கும், தள்ளிய விரல் ஏ-யில் சாய்வதால் அதுவும் அடங்கும். ஜி-க்குப் போனால் கட்டை விரல் ஏ-க்கு இறங்கி, அதன் பக்கவாட்டு ஈ-யையும் தொட்டுக்கொண்டிருக்கும். தள்ளிய விரல் டி-யில். மூன்று கம்பியும் அமைதி. முதல் வாரம் இது நடக்காத காரியம் போலத் தோன்றும், மூன்றாவது வாரம் கை தானாக நகரும். எனக்கு ஐந்து வாரம் ஆனது.

மெல்லிய கம்பியிலிருந்து தடித்த கம்பிக்குத் திரும்பும்போது மட்டும் சிக்கல். ஜி வாசித்துவிட்டு டி-க்கு வந்தால், ஜி-யை அடக்க வலது கையில் யாரும் இல்லை. அங்கே இடது கை உதவ வேண்டும். சுரத்தைப் பிடித்த விரலை எடுத்துவிடாமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்துங்கள், கம்பியில் ஒட்டியே இருக்கட்டும். அல்லது இடது ஆள்காட்டியைக் கொஞ்சம் தட்டையாகப் படுக்கவிட்டால் அதன் சதை ஜி-யைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

இனி, விரலை ஏன் மாற்றுகிறோம் என்பதற்கு நான் கடைசியாகப் புரிந்துகொண்ட காரணம். ஜூனில் ரயிலைச் சொன்னபோது இது எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. ஆள்காட்டி தள்ளியாயிற்று. சுரம் ஒலிக்கிறது. இப்போது நடு விரல் அதே கம்பியில் வந்து அமர்ந்தால் சுரம் நின்றுவிடும். அமர்ந்த விரல் அங்கிருந்தே அடுத்த சுரத்தைத் தள்ளும். அதாவது அடுத்த சுரத்தைத் தொடங்கப்போகிற விரலே முந்தின சுரத்தை முடித்துவைக்கிறது. எவ்வளவு சீக்கிரம் அமர்கிறதோ அவ்வளவு குட்டையான சுரம். கடைசி நொடியில் அமர்ந்தால் நீளமான சுரம். சுரத்தின் நீளம் முழுக்க உங்கள் கையில் வந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொண்ட வாரம் எங்கள் டிரம்மர், நான் ஒன்றும் சொல்லாமலே, "அண்ணே, இன்னிக்கு கிக்கோட ஒட்டி இருந்துச்சு" என்றான். கிக் என்றால் காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம். வேகம் கூடவில்லை, சுரம் மாறவில்லை. முடிவுகள் மட்டும் சரியாக விழுந்தன.

பயிற்சி: மெட்ரோனோம் 60. ஒரு தட்டில் ஆள்காட்டி. தட்டுக்கும் தட்டுக்கும் சரியாக நடுவில் நடு விரல் அமர்ந்து நிறுத்தட்டும். அடுத்த தட்டில் அது தள்ளட்டும். பாதி ஒலி, பாதி அமைதி. பத்து நிமிடம். மழைக்காலத்தில் கோத்தகிரியில் செய்வதற்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.

2023 செப்டம்பர் 3

ஒருவர் எழுதியிருக்கிறார்: "பத்து நிமிடம் செய்தால் மணிக்கட்டு வலிக்கிறது."

நிறுத்துங்கள். வலியோடு பயிற்சி செய்யவே கூடாது. எனக்கு இரண்டாவது வருடம் இந்த வலி வந்து, மூன்று வாரம் பேஸைத் தொடவில்லை. தோளில் மாட்டும் ஸ்ட்ராப்பை மிகவும் கீழே இறக்கிவிட்டு நின்று வாசிப்பது அழகு என்று நினைத்தேன். அப்படித் தொங்கவிட்டால், கம்பியை எட்ட மணிக்கட்டு நன்றாக மடிந்துகொள்ளும். மடிந்த மணிக்கட்டுக்குள் தசைநாண்களும் நரம்பும் ஒரே குறுகலான வழியில் போகின்றன. அந்த நிலையில் விரலை ஆயிரம் முறை அசைத்தால் என்ன ஆகும்? விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. டாக்டரிடம் போனேன். ஓய்வெடு, மடக்காதே என்றார். அவ்வளவுதான், சரியானது.

உட்கார்ந்தால் பேஸ் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நின்றாலும் அதே உயரத்தில் இருக்கும்படி ஸ்ட்ராப்பைக் கட்டுங்கள். முன்கையைக் கிட்டாரின் மேல் விளிம்பில் அழுத்தி ஊன்றாதீர்கள். மணிக்கட்டு ஏறக்குறைய நேராக இருக்கட்டும். மரத்துப்போதல் இருந்தால் இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

2023 அக்டோபர் 8

கூடலூர்த் தங்கை: "கட்டை விரலாலேயே கம்பியை வாசித்தால் என்ன?"

தாராளமாக. பேஸ் கிட்டார் வந்த புதிதில் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். அமெரிக்காவில் கிட்டார் தயாரித்த லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸ் என்ற மாடலைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்துப் பேஸ்களின் படத்தைப் பாருங்கள். ஜி கம்பிக்குக் கீழே ஒரு சின்னக் கட்டை இருக்கும். மற்ற விரல்களை அதில் பிடித்துக்கொண்டு கட்டை விரலால் வாசிப்பதற்காக வைத்தது. பிற்பாடு எல்லோரும் விரல் நுனிக்கு மாறிய பிறகு, அந்தக் கட்டை ஈ கம்பிப் பக்கம் போய்க் கட்டை விரலைச் சாய்த்து வைக்கும் இடமானது.

உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜ் பக்கம் கம்பிகளில் லேசாகச் சாய்த்து, கட்டை விரலால் வாசித்துப் பாருங்கள். பழைய டபுள் பேஸ் மாதிரி தும், தும் என்று குட்டையாக விழும். மெதுவான கீர்த்தனைகளுக்கு நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

பிக், அதாவது விரலில் பிடித்துக் கம்பியை வருடும் சின்னத் தகடு, அது பற்றியும் கேட்டார். லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் கேரல் கே என்ற பேஸ் கலைஞர் பிக் வைத்தே வாழ்நாள் வேலை செய்தவர். பிக் தாழ்ந்தது என்று சொல்பவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள். எனக்கு அதில் பழக்கம் இல்லை, ஆகவே இதோடு விடுகிறேன்.

2023 நவம்பர் 19

எந்த இடத்தில் தள்ளுவது என்று இதுவரை யாருமே கேட்கவில்லை, ஆச்சரியம். ஃபிரெட் முடியும் இடத்துக்கு அருகே தள்ளினால் ஒலி வட்டமாக, கொழகொழவென்று வரும், கம்பியும் இளகி இருக்கும். பிரிட்ஜ் பக்கம் போகப் போக ஒலி இறுகிக் கூர்மையாகும், கம்பி முறுக்காகத் தெரியும். நாப் எதையும் தொட வேண்டாம். ஆம்ப் முன்னால் உட்கார்ந்து ட்ரெபிள், பேஸ் என்று திருகிக்கொண்டிருப்பதற்கு முன் கையை நாலு விரற்கடை நகர்த்திப் பாருங்கள். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளை நல்ல ஹெட்போனில் போட்டு, பாடகரை விட்டுவிட்டு பேஸை மட்டும் பின்தொடருங்கள். பல்லவியில் ஒரு குணம், சரணத்தில் வேறு குணம் என்று மாறுவதை நீங்களே பிடிப்பீர்கள். நான் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும் பஸ்ஸில் இதைத்தான் செய்கிறேன்.

2023 டிசம்பர் 17

உறைபனி தொடங்கிவிட்டது. காலையில் புல்லெல்லாம் வெள்ளை. கொடைக்கானலிலும் அப்படித்தான் இருக்கும்.

குளிர்ந்த கையோடு வாசிக்காதீர்கள். வெந்நீரில் இரண்டு நிமிடம் வைத்துத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். கிறிஸ்துமஸ் பவனிக்குப் போகும் இரவுகளில் பாடகர் குழுப் பிள்ளைகள் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து நானும் அதையே செய்கிறேன். அடுப்பு வைத்த அறையிலிருந்து வெளியே கொண்டுபோனால் இரும்புக் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும். ஐந்து நிமிடம் விட்டுவிட்டு டியூன் செய்யுங்கள். வாசித்து முடித்ததும் கம்பியைத் துணியால் துடையுங்கள். நம் ஊர் ஈரத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும், துருப்பிடித்த கம்பி விரல் நுனியை அரம் மாதிரி அராவும்.

2024 ஜனவரி 7

தம்பி பதிவு அனுப்பியிருக்கிறார். புத்தாண்டு ஆராதனையில் வாசித்ததாம். மூன்று முறை கேட்டேன்.

ஆள்காட்டி எது, நடு விரல் எது என்று எனக்குத் தெரியவில்லை. ஜூனில் "பேச்சைக் கேட்கவே மாட்டேன்" என்று சொன்ன விரல் இதுதானா? முதல் சரணத்தில் சுரங்கள் டிரம்மோடு சேர்ந்து முடிகின்றன. எனக்கு அது கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினேன். அம்மா, "சண்டை போடாம வாசிக்கிறான்" என்றார்.

இரண்டாவது சரணத்தில், பாடல் மேலே ஏறும் இடத்தில், நீங்கள் ஜி கம்பிக்குப் போகிறீர்கள். அங்கே ஏ கம்பி அடியில் லேசாக ஒலிக்கிறது. நாலு மாத்திரை நீளம், பிறகு தானாக அடங்குகிறது. கட்டை விரல் ஈ-யிலேயே தங்கிவிட்டது என்று நினைக்கிறேன். ஏ-க்கு இறக்கி அந்த இடத்தை மட்டும் 50-இல் வாசித்து அனுப்புங்கள், கேட்கிறேன்.